எழுதாமல் விட்ட கட்டம்

நவம்பர் 9, 1998. திங்கள்.

இது போன வருஷத்து டைரி. இன்சூரன்ஸ்காரர் எங்கள் அய்யாவுக்குக் கொடுத்தது. கிழமையை மட்டும் அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

இன்று வேதமுத்து சார் ஹால் வாசல் கரும்பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ஹாலை யார் எந்த நாளுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று அதில் எழுதுவது நான்தான். அய்யா இந்த ஹாலுக்கு வாட்ச்மேன், நாங்கள் ஒட்டியே குடியிருக்கிறோம். ஆனால் அவருக்கு எழுத வராது. "முத்திருளா, இது யார் கையெழுத்து?" என்று கேட்டார். அய்யா, "எம்புள்ள பஞ்சவர்ணம் எழுதுனது சார்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். கூப்பிட்டும் வெளியே போகவில்லை.

சார்தான் இங்கே கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். பசுமலையிலிருந்தும் டவுனிலிருந்தும் இருபது பேர் வருகிறார்கள். புதன், சனி சாயங்காலம் பாடிப் பழகுவார்கள். டிசம்பர் இருபதாம் தேதி கச்சேரி. அதில் கடைசிப் பாட்டு சாரே மெட்டுப் போட்டது. அது அவருடைய பழைய நோட்டில் பென்சிலில் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்தால் விழவில்லையாம். பார்த்து எழுதித் தர முடியுமா என்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

என்னிடம் ஒருவர் ஒரு வேலை கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று?

நவம்பர் 11. புதன்.

பாட்டு வரிக்கு மேலே டோ, ரே, மீ என்பதற்கெல்லாம் ஒவ்வோர் ஆங்கில எழுத்து. நடுவில் புள்ளிகள், கோடுகள். கோட்டுக்குக் கோடு ஒரு கட்டம். படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்து எழுதலாம். கோலம் மாதிரிதான்.

பெண்களில் கீழ்க்குரலில் பாடுகிறவர்களை ஆல்டோ என்கிறார்கள். நாலு பேர். இவர்களுக்குத்தான் தாள் இல்லை; மற்ற குரல்களுக்குச் சாரே எழுதிவிட்டாராம். மூன்று கார்பன் வைத்து ஒரே அழுத்தில் நாலு தாளும் எழுதினேன். விரல் கன்றிவிட்டது. ஓரிடத்தில் எழுத்தே இல்லாத கட்டம் ஒன்று வந்தது. சார் மறந்து விட்டிருப்பார் போல. அதைத் தள்ளிவிட்டு எழுதியதில் பாட்டு ஒரே பக்கத்தில் அழகாக அடங்கிவிட்டது.

நவம்பர் 14. சனி.

தாள்களை அய்யா கொண்டுபோய்க் கொடுத்தார். சலோமி அக்கா தாளைத் தூக்கிப் பிடித்து, "அச்சுல போட்ட மாதிரி இருக்கு. யாருப்பா இது, வாட்ச்மேன் மகளா? அவளை நான் பாத்ததே இல்லையே, வீட்டுக்குள்ள வச்சு அடைகாக்குறியா முத்திருளண்ணே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

சலோமி அக்கா நர்ஸ். ஆரப்பாளையத்திலிருந்து டியூட்டி முடித்த கையோடு வருவார். ஆல்டோவில் அவர்தான் மூத்தவர். மற்ற மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துத்தான் பாடுவார்கள்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பழக வேண்டுமாம். ஆல்டோவுக்கு எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய சின்ன அறை. படியில் உட்கார்ந்திருந்தேன். சலோமி அக்கா எட்டிப் பார்த்து, "ஏய் வர்ணம், வாசல்ல என்ன, உள்ள வந்து உக்காரு" என்றார்.

வர்ணம். யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நவம்பர் 19. வியாழன்.

ஆல்டோவைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. மற்றவர்கள் எங்கோ மேலே பாடும்போது இவர்கள் அடியில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எனக்கு அது முழுசாகப் பாடம் ஆகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது முனகினேன். அம்மா, "என்னடி இழவு வீடு மாதிரி இழுக்குற, ராகமும் இல்ல ஒண்ணுமில்ல" என்றாள். அம்மா ஹாஸ்டலில் சமையல். விடிவதற்கு முன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அவள் என்னிடம் பேசியதே இன்று இந்த ஒரு வாக்கியம்தான்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பிருந்தாவைப் பார்த்தேன். ஒன்பதாவதில் என் பக்கத்து இருக்கை. இப்போது பிளஸ் டூ. தூண் பின்னால் போய்விட்டேன்.

என்னை யாரும் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. செக்கானூரணியிலிருந்து வருஷ நடுவில் வந்து சேர்ந்தேன். எழுந்து படிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் வயிற்றுவலி என்றேன். அதற்கடுத்த நாளும். அப்புறம் பேரை அடித்துவிட்டார்கள். போ என்று அய்யா சொல்லவில்லை. போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

நவம்பர் 22. ஞாயிறு.

மழை. பக்கத்தில் ரயில் போகிற சத்தம் மட்டும்.

நவம்பர் 28. சனி.

இன்று முதல் முறையாக எல்லாக் குரலும் சேர்ந்து பாடினார்கள். இனித் தாள் பார்க்கக் கூடாது, மனப்பாடமாகத்தான் என்று சார் சொல்லிவிட்டார். தாள்களை அய்யா வாங்கி பீரோவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது சரணம் வரை மயிர் சிலிர்த்தது. அந்த இழவுப் பாட்டு அடியில் போய் உட்கார்ந்ததும் மேலே உள்ள பாட்டுக்கே வேறு முகம் வந்துவிட்டது. அம்மா கேட்டிருக்க வேண்டும். திடீரென்று எல்லாம் கலைந்தது. ஆல்டோ முன்னாடியே நுழைந்துவிட்டது. மறுபடி பாடினார்கள். மறுபடியும் அதே இடம். ஐந்து தடவை.

சலோமி அக்கா, "தாள்ல உள்ளபடிதான் சார் பாடுறோம்" என்றார். சார் தாளம் காட்டும் பிரம்பைக் கீழே வைத்தார்.

"இருபது வருஷமாப் பாடுறீங்க. நாலு எண்ணத் தெரியலையா? டியூட்டி முடிச்சுத் தூக்கத்தோட வந்தா இப்படித்தான். நீங்க கெடுறதோட மத்த மூணு பேரையும் கெடுக்குறீங்க."

எல்லோர் முன்னாலும்.  சலோமி அக்கா தன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடுவிலேயே போய்விட்டார். என்னைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 29. ஞாயிறு.

சாரின் நோட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. பீரோ சாவி ஆணியில். ஆல்டோ தாளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது சரணம். எழுத்தே இல்லாத கட்டம்.

அது மறந்து விட்டதில்லை. மற்ற குரல்கள் பாடும்போது ஆல்டோ சும்மா இருக்க வேண்டிய கட்டம். நாலு எண்ணிவிட்டு அப்புறம் நுழைய வேண்டும். மற்ற குரல்களின் பக்கங்களிலும் அங்கங்கே அப்படி இருக்கிறது. இப்போதுதான் கண்ணில் படுகிறது.

நான்தான். நாலு தாளிலும் ஒரே அழுத்தில். அய்யோ.

டிசம்பர் 2. புதன். கார்த்திகை.

பரங்குன்றத்து மலையில் தீபம் தெரிகிறது. அம்மா வாசலில் நாலு அகல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். சலோமி அக்கா இன்று பழக வரவில்லை.

டிசம்பர் 3. வியாழன்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நாலு தாளையும் புதிதாக எழுதினேன். அந்தக் கட்டத்தை இந்தத் தடவை ஸ்கேல் வைத்துப் போட்டேன். பீரோவில் வைத்துவிட்டுப் பழைய மூன்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். நாலாவது பழைய தாள் சலோமி அக்கா கைப்பையில் இருக்கிறது. பரவாயில்லை. மற்றவர்கள் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் சரியாகப் பாடினால் அவரும் வந்துவிடுவார்.

இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 5. சனி.

செத்துப் போகலாம் போல இருக்கு.

ஆல்டோவில் கண்ணாடி போட்ட டீச்சர் ஒருவர் இருக்கிறார். சந்தேகம் தீரத் தாளைப் பார்க்கலாம் என்று கேட்டார். அய்யா பீரோவைத் திறந்து என் புதுத் தாள்களைக் கொடுத்தார். "இந்தா, கட்டம் இருக்கே! நாமதான் கவனிக்கல. சலோமி அக்கா பின்னாடியே போய்க் கெட்டோம்" என்றார் டீச்சர். சார் தாளை வாங்கிப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர், அந்தம்மாவுக்கு வயசாச்சு என்றார்.

முந்தி சலோமி அக்கா மேல் சாருக்குக் கோபம் மட்டும்தான். இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது. நான் ஸ்கேல் வைத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி.

சலோமி அக்கா ஒருத்தர்தான் என்னை உள்ளே கூப்பிட்டார்.

டிசம்பர் 6. ஞாயிறு.

அய்யாவிடம் சொன்னேன். பீடியைப் பற்ற வைக்காமலே கையில் வைத்திருந்தார். "சும்மா கெட தாயி. பாட்டுத்தான. பீரோவத் தொறந்து நீ மாத்தி வச்சேன்னு தெரிஞ்சா சாவிய யாரு எங்கிட்ட குடுப்பா? இந்த வீட்ட விட்டுட்டு எங்கிட்டுப் போறது?" என்றார்.

அதுவும் நிஜம்தானே?

டிசம்பர் 9. புதன்.

ஆல்டோவில் மீதி மூன்று பேரால் முடியவில்லை. தாள் சரியாக இருந்தும் நுழையத் தைரியம் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய முகம் அங்கே இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், இல்லையென்றால் கடைசிப் பாட்டு வேண்டாம் என்று சார் சொன்னார். நான் திருப்பிக் கொடுத்திருந்த நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். 

டிசம்பர் 12. சனி.

ஆரப்பாளையம் போனேன். தனியாக. பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கண்டக்டர் எங்கே என்று கேட்டபோது இரண்டு தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை "ஆரப்பாளையம்" என்று வந்தது. ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்து. நர்ஸ் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். சலோமி அக்கா யூனிபார்ம் துவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தை விட்டது, பிறகு மாற்றி வைத்தது, டீச்சர் சொன்னது. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன். அழுதுவிட்டேன்.

பரவாயில்லை கண்ணு என்பார் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே அதை அவர் குரலில் கேட்டும்விட்டேன்.

அவர் துணியைப் பிழிந்து உதறினார். முகம் இறுகிப் போயிருந்தது.

"பதினஞ்சு நாளா ராத்திரி தூக்கமில்ல எனக்கு. நெசமாவே எண்ண மறந்துட்டமோ, புத்தி கெட்டுப் போச்சோன்னு. வார்டுல ஊசி எடுக்கும்போது மூணு தடவ மருந்து பாட்டிலப் பாக்குறேன், பயத்துல. இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன? எனக்கா நீ சொல்லணும்? யாரு முன்னாடி அந்த மனுசன் என்னையப் பேசுனாரோ, அங்க போயிச் சொல்லு."

உள்ளே போனார். கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துவந்து நீட்டினார்.

"வாய் வரலைன்னா இதக் காட்டு."

உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

டிசம்பர் 16. புதன்.

எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் மாற்றி எழுதிவிடுவேன்.

அவர்கள் பாடத் தொடங்கும் முன் உள்ளே போனேன். படியில் நிற்கவில்லை. நடுவில் போய் நின்றேன். என்னம்மா என்றார் சார். ஒன்பதாம் வகுப்பு மாதிரியே குரல் வரவில்லை. தாளை நீட்டினேன். அவர் பார்த்தார். புதுத் தாளை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூணாவது சரணத்துல கட்டம் எங்க?"

தாளைக் காட்டினால் போதும் என்றுதான் சலோமி அக்கா சொன்னார். ஆனால் தாள் பாதியைத்தான் சொல்லும். மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

"எழுத்து இல்லைன்னு விட்டுட்டேன் சார். அவங்க தாள்ல இருந்தபடிதான் பாடுனாங்க. அப்புறம் பீரோவுல மாத்தி வச்சதும் நான்தான். அய்யாவுக்குத் தெரியாது."

ஆண்கள் வரிசையில் யாரோ சிரித்தார். சார் சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் மடித்து வைத்தார். பிறகு, "நானும் தாள வாங்கிப் பாத்திருக்கணும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, எல்லோரையும் பார்த்துச் சொன்னார். கண்ணாடி டீச்சர் தரையைப் பார்த்தார்.

அய்யா சாவிக்கொத்தோடு வாசலில் நின்றிருந்தார். சாவியை யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 17. வியாழன்.

சார் ஸ்கூட்டரில் ஆரப்பாளையம் போனாராம். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அய்யா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. சோறு போட்டபோது மட்டும், "வாய் இருக்குல்ல ஒனக்கு" என்றார். திட்டா, இல்லையா?

டிசம்பர் 20. ஞாயிறு.

ஹால் நிறைந்து வெளியிலும் ஆட்கள். எனக்கு சுவிட்ச் போர்டு பக்கம் வேலை. கடைசிப் பாட்டுக்கு டியூப் லைட்டுகளை அணைக்க வேண்டும். அவர்கள் கையில் மெழுகுவர்த்தி.

சலோமி அக்கா வந்திருந்தார். வெள்ளைச் சேலை, ஆல்டோ வரிசையில் முதல் ஆள். சாரிடம் பேசவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

மூன்றாவது சரணம் வந்தது. சுவிட்ச் மேலேயே கை இருந்தது எனக்கு. மற்ற குரல்கள் எல்லாம் மேலே போக, ஆல்டோ நாலு பேரும் வாயை மூடி நின்றார்கள். ஒண்ணு, ரெண்டு. சலோமி அக்காவின் மெழுகுவர்த்திச் சுடர் மூச்சில் சாய்ந்தது. மூணு, நாலு. நுழைந்தார்கள்.

எல்லோரும் பாட்டைக் கேட்டார்கள். நான் அந்த நாலு எண்ணிக்கையைத்தான் கேட்டேன்.

முடிந்ததும் கேக்கும் காபியும். எல்லோரும் சலோமி அக்காவைச் சுற்றி நின்றார்கள். நான் நாற்காலிகளை மடக்கினேன். அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

டிசம்பர் 25. வெள்ளி.

கண்ணாடி டீச்சர் வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. அம்மாவுக்கு இன்றும் ஹாஸ்டல் வேலை. தனியாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 6, 1999. புதன்.

டைரி தீர்ந்துவிட்டது. முன்னால் ஜனவரிப் பக்கங்கள் காலியாகக் கிடந்ததால் இங்கே வந்து எழுதுகிறேன்.

இனி ஈஸ்டர் பாட்டு. சார் மறுபடி என்னிடம் நோட்டைக் கொடுப்பாரா என்று நினைத்தேன். கொடுத்தார். "எழுதிட்டு எங்கிட்ட ஒரு தடவ காட்டிரும்மா" என்றார். நியாயம்தான்.

வெளியே வந்தபோது சலோமி அக்கா படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். நான் எப்போதும் உட்காருகிற படி. நிமிராமலே, "ஆல்டோவுக்கு அஞ்சு தாள் எழுது" என்றார்.

"நாலு பேர்தானக்கா?"

"பாத்திரம் தேய்க்கும்போது நீ பாடுறது சுவரு தாண்டிக் கேக்குது. சும்மா அஞ்சு எழுது."

எழுந்து போய்விட்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. இருட்டிவிட்டது.

காலிக் கட்டங்களை முதலில் போட்டுக்கொண்டேன். நாலு கார்பன் வைத்தேன். எவ்வளவு அழுத்தினாலும் ஐந்தாவது தாளில் எழுத்து மங்கலாகத்தான் விழுகிறது. அதை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.