கொடியில் நான் போட்ட முடிச்சு

என் உசுரு நைனாவுக்கு,

பிலோமி எழுதறேன். அம்மா நல்லா கீது. முட்டி வலிதான் விடமாட்டேங்குது. நீ எப்படி கீறேன்னு கேட்டு எழுதினா பதில் போட ஆளில்ல, அதனால அந்த வரிய விட்டுட்டேன்.

அச்சரப்பாக்கத்துல எனக்கு வேலை போட்டுட்டாங்க நைனா. மூணாங் கிளாஸ். கடைக்குப் போனா “வாங்க டீச்சரம்மா”ங்கறாங்க. பேனாவ எடுத்து டீச்சரம்மா பாஷையிலதான் இந்தக் கடிதாசிய ஆரம்பிச்சேன், ரெண்டு வரிக்கு மேல ஓடல. உன்கிட்ட நான் எப்பதான் அப்படிப் பேசினேன்? இது உனக்குத்தான் எழுதறேன், ஆனா யார் வேணா படிக்கட்டும். ஒளிச்சு வெச்சதெல்லாம் போதும்.

போன வாரம் எங்க பெரிய டீச்சர் கூப்பிட்டாங்க. “ஆகஸ்ட் பதினஞ்சு வருது. கொடிய மடிச்சுக் கட்டற வேலை இந்த வருஷம் உனக்கு”ன்னாங்க. என்னால முடியாது டீச்சர், அன்னைக்கு லீவு வேணும்னு சொன்னேன். கொடி கட்ட பயப்படற வாத்தியார இப்பதான் பாக்கறேன்னு சிரிச்சாங்க. அவங்களுக்கு இன்னா தெரியும்?

சுதந்திரம் வந்த அன்னைக்கு எனக்கு எட்டு வயசு. மாதா மோட்சத்துக்குப் போன திருநாளும் அதே நாளுதான், அதனால கோவளத்துல நம்ம தெரு கட்டுமரம் ஒண்ணுகூட கடலுக்குப் போகல. “மாதா திருநாளாப் பாத்து வெள்ளக்காரன் பொட்டியக் கட்டிட்டான் பாத்தியா”ன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிகினு இருந்துச்சு. அம்மாவோட பழைய காவிப் பொடவைல ஒரு துண்டு, உன் வேட்டில ஒரு துண்டு, பஸ் நிக்கற எடத்துல டீக்கடை வெச்சிருக்கற காதர் பாய் கொடுத்த பச்சத்துணி ஒரு துண்டு. மூணையும் அம்மா தெச்சுது. நடுவுல சக்கரம் நீதான் போட்டே, அடுப்புக்கரில. அது சக்கரமா, நண்டான்னு பாய் கேட்டதுக்கு அவர்கிட்ட ரெண்டு நாள் பேசாம இருந்தே.

அந்தக் கொடிய ஒரு துடுப்புல வெச்சு, கட்டுமரத்துக்குப் போடற கட்டுதான் போட்டே. கயித்தத் தண்ணில முக்கி, பல்லால இழுத்து, ரெண்டு சுத்து. ஈரக் கயிறு காயக் காய இறுகும், கடலே பொரட்டினாலும் அவுராதுன்னு சொன்னே. ஐப்பசி மழை வந்துது, துணி கிழிஞ்சு நாரா தொங்கிச்சு, கட்டு மட்டும் அப்படியே இருந்துது. போறவங்க வர்றவங்களையெல்லாம் நிக்க வெச்சு, “அருளப்பன் கட்டு, அவுத்துப் பாரு”ன்னு காட்டினே. கொடின்னா அவுராம இருக்கணும்னு என் மண்டைல அன்னைக்கு ஏறினதுதான்.

அதுக்கப்புறம் ரெண்டே வருஷத்துல, கரை ஏறும்போது அலை மரத்தப் பொரட்டி உன் கால்மேல போட்டுடுச்சு. இனிமே கடலுக்குப் போகமுடியாதுன்னு ஆனதும் நம்ம ஊர் ஸ்கூல் பெரிய சார்தான் உன்னக் கூப்பிட்டு பியூன் வேலை போட்டுக் கொடுத்தாரு. அந்த நல்லதையும் சொல்லணும், இல்லன்னா நாக்கு அழுகிடும். பெல் அடிக்கறது, பானைல தண்ணி ரொப்பறது, பெருக்கறது. வருஷம் முழுக்க “டேய் அருளு, தண்ணி கொண்டா”தான். ஒரே ஒரு நாளு மட்டும், எல்லார் முன்னாடியும், பெரிய சார் வாயால “அருளப்பா, கொடி தயாரா?”ன்னு வரும். நீ “தயார் சார்”னு சொல்லுவே பாரு, அந்தக் கால் நொண்டறதுகூடத் தெரியாது.

அந்த ஒரு நாளத்தான் நைனா நான் உன்கிட்டேர்ந்து புடுங்கினேன்.

நான் எட்டாங் கிளாஸ் படிச்ச வருஷம். செங்கல்பட்டுலேர்ந்து பெரிய ஆபீசர் ஒருத்தரு கொடியேத்த வர்றாருன்னு ஊரே பேஜாரா இருந்துச்சு. விடிஞ்சதும் நீ மாதா கோயில்ல மீந்த பூவ வாங்கிகினு வந்து, கொடிக்குள்ள வெச்சு மடிச்சு, ஒரு இழுப்புல தொறக்கற மாதிரி சுருக்கு போட்டு ஆபீஸ் ரூம் மேசைமேல வெச்சே. “பூசை பாத்துட்டு வந்துடறேன். யாரும் தொடக்கூடாது. நீயும்தாண்டி”ன்னு என்னக் காவலுக்கு வெச்சுட்டுப் போனே.

ஆடி முடியற நேரம். காத்து இன்னா காத்து, ஜன்னல் கதவு படார் படார்னு அடிக்குது. நான் அந்தச் சுருக்கப் பாக்கறேன். லேசா தொட்டாலே அவுந்துடும்போல கீது. கொடி மேல போறதுக்குள்ள காத்துல பிரிஞ்சு பூவெல்லாம் கொட்டிட்டா? ஆபீசர் முன்னாடி நைனா மானம் போயிடுமே! ரிப்பன் வாங்க வக்கில்லாம ஜடைக்கு வலைநூலத்தான் கட்டியிருந்தேன். அத அவுத்து, பானைத் தண்ணில முக்கி, கொடிய ரெண்டு சுத்து சுத்தி, பல்லால இழுத்து, என் பீச்சாங்கையால உன் கட்டு போட்டேன். நீ பாத்தா திட்டுவியேன்னு முடிச்ச மடிப்புக்குள்ள தள்ளிவிட்டேன். தலைமுடிய அப்படியே கொண்டை போட்டுகினு, பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி பாட்டுப் பாடற பொண்ணுங்க வரிசைல போய் நின்னேன்.

ஜீப்பு முன்னாடியே வந்துடுச்சு. நீ பூசைலேர்ந்து ஓடிவந்து, எதையும் பாக்க நேரமில்லாம, மூட்டையக் கயித்துல மாட்டி மேல ஏத்திட்டே. “அருளப்பா, கொடி தயாரா?” “தயார் சார்!”

ஆபீசர் இழுத்தாரு. ஒண்ணும் ஆகல. சிரிச்சுகினே இன்னொரு தடவ இழுத்தாரு. அப்புறம் சிரிக்காம இழுத்தாரு. கம்பமே ஆடுச்சு, கொடி மட்டும் மேல கோழிமுட்டையாட்டம் உக்காந்துகினு இருந்துச்சு. ட்ரில் வாத்தியாரு வந்து இழுத்தாரு. பெரிய சாருக்குக் கை கால் ஓடாம எங்களப் பாத்துத் தலையாட்டிட்டாரு, நாங்களும் மூடிக்கெடந்த கொடியப் பாத்து தேசிய கீதம் பாட ஆரம்பிச்சுட்டோம். பின்னாடி பசங்க களுக்குனு சிரிக்கறாங்க. என் வாய் பாடுது, நெஞ்சு மட்டும் அய்யோ மாதாவே, அய்யோ மாதாவேங்குது.

பாதிப் பாட்டுல நீ கம்பத்துல ஏறினே. அந்தக் கால வெச்சுகினு. பனையேறி மாதிரி கட்டிப் புடிச்சு, வழுக்கி, திரும்ப ஏறி, உச்சிக்குப் போய் பல்லால கடிச்சு இழுத்தே. கொடி பட்டுனு தொறந்துகிச்சு. ஆபீசர் தலைல கொட்டவேண்டிய பூவெல்லாம் உன் மேல கொட்டிச்சு. கூட்டம் ஓன்னு சிரிச்சுகினே கைதட்டுச்சு.

நீ எறங்கி வந்ததும் பெரிய சார் கத்தினாரு. “நீதானே கட்டினே? இது இன்னா கட்டுமரமா? வந்தவர் முன்னாடி ஸ்கூல் மானத்த வாங்கிட்டியேடா!” நீ ஒரு வார்த்தை பேசல. ஒதட்ட இறுக்கி மூடிகினு, தலைய மட்டும் ஆமான்னு ஆட்டினே. காதோரத்துல ஒரு அரளி இதழ் ஒட்டிகினு இருந்துது. நான் பத்தடி தூரத்துல நிக்கறேன். “சார், நான்தான்”னு ரெண்டே வார்த்தை. வரல நைனா.

அவமானத்துல உனக்கு வாயே அடைச்சுப் போச்சுன்னு நெனச்சேன். அந்தத் தலையாட்டு இத்தன வருஷமா கண்ண மூடினா வரும்.

அன்னைக்கு சாயங்காலம் உன் முழங்கால்ல தோல் உரிஞ்சு கெடந்துது. நான் தேங்காண்ணெய் தடவிகினு இருந்தேன். நீ என் தலையப் பாத்துட்டு, “ஜடைக்குக் கட்டியிருந்தியே, அந்த நூலு எங்கம்மா?”ன்னு கேட்டே. “எங்கியோ அவுந்து வுழுந்துட்ச்சு”ன்னேன். என்னயே கொஞ்ச நேரம் பாத்துட்டு, “சரி வுடு, வேற நூலு தரேன்”னு எழுந்து போய் வலையிலேர்ந்து அறுத்துகினு வந்து கொடுத்தே. நான் வாங்கிக் கட்டிகினேன். வெக்கங்கெட்டவ!

அடுத்த வருஷத்துலேர்ந்து கொடி கட்டறது ட்ரில் வாத்தியார் வேலையாயிடுச்சு. நீ பெல் அடிச்சு, பானைய ரொப்பி வெச்சுட்டு, கொடியேத்தற நேரத்துக்குக் கேட்டுக்கு வெளிய போய் நிப்பே. அம்மா கேட்டா, “எனக்கு மாதா திருநாளு கீது, அது போதும்”பே. போதலன்னு எனக்குத் தெரியும்.

சொல்ல நேரமில்லன்னு சொல்லமாட்டேன். செங்கல்பட்டு ட்ரெயினிங் ஸ்கூல்ல என்னச் சேக்க தகரப்பொட்டியத் தூக்கிகினு வந்தே. நீ ஊருக்கு பஸ் ஏறப்போறப்ப திரும்பி, “வேற எதுனா சொல்லணுமாம்மா?”ன்னு கேட்டே. “ஒண்ணுமில்ல, பஸ்ஸு போயிடப் போவுது”ன்னேன். போன வருஷம் நெஞ்சு சளின்னு நீ படுத்துட்டப்ப லீவு போட்டு வந்து, கஞ்சி ஊட்டினேன். இப்ப சொல்லிடணும்னு வாயத் தொறந்தேன். “உப்பு போதுமா நைனா?”ன்னு வந்துது. நீ போதும்னு சொன்னே. மூணாம் நாளு போயிட்டே.

உனக்குத் தெரியாமலே போயிடுச்சு, அதுவும் நல்லதுதான்னு ஒரு வருஷமா என்ன நானே ஏமாத்திகினேன். போன மாசம் உன் வருஷ பூசைக்கு வந்தேன். கல்லறைல மெழுகுவத்தி வெச்சுட்டு வர்றப்ப, காதர் பாய் கடைல ஒக்கார வெச்சு டீ கொடுத்தாரு. பேச்சு எப்படியோ அந்தக் கொடிக்கு வந்துது.

“அன்னிக்கு ஒங்க நைனா ஏன் வாயத் தொறக்கல தெரியுமா பிலோமிம்மா?”ன்னாரு. “நேரா என் கடைக்குத்தான் வந்தாரு. டீ ஆத்திகினு கீறேன், பெஞ்சு மேல என்னமோ துப்புறாரு. பாத்தா வலைநூலு! யாரும் பாத்துடக் கூடாதுன்னு கம்பத்து மேல கடிச்ச நூல அப்படியே வாய்க்குள்ள அதக்கிகினு எறங்கியிருக்காரு மனுஷன்.”

பாய் விடாம சொல்றாரு. “‘இத்தப் பாரு பாய், என் பொண்ணு போட்ட முடிச்சு. சுத்து பீச்சாங்கைப் பக்கமாப் போவுது பாரு. என் கட்டுகூட இவ்ளோ இறுக்கமா வராது, பல்லே ஆடிப் போச்சு’ன்னு ஒரே சிரிப்பு. இன்னா அண்ணாத்த, பொண்ண நாலு சாத்து சாத்தமாட்டியான்னேன். ‘அடிச்சா சொல்லிடுவா பாய். அடிக்காம சொல்லணும். அவளா வந்து சொல்லுவா, அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத’ன்னாரு. நானும் தொறக்கல.” அப்புறம் என் மொகத்தப் பாத்து, “சொன்னியாம்மா?”ன்னு கேட்டாரு.

நான் கிளாஸ பெஞ்சு மேல வெச்சுட்டேன். “டீ ஆறிட்ச்சு, வேற போடறேன்”னு பாய் எழுந்து போயிட்டாரு.

ஆறு வருஷம் காத்துகினு இருந்தியா நைனா? எண்ணெய் தடவறப்ப கேட்டியே, அது நூலப் பத்தி இல்லயா? பஸ் ஏறறப்ப கேட்டது அதுதானா? கடைசில கஞ்சி குடிக்கறப்பகூட என் வாயையே பாத்துகினு இருந்தியே, இதுக்குத்தானா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அதட்டிக் கேட்டிருக்கக் கூடாதா! இல்ல, உன் மேல பழி போடறேன் பாரு. கேக்கத்தான் கேட்டே. நான்தான் சொல்லல.

பெரிய சார் இந்த வருஷத்தோட ரிடையர் ஆவறாரு. அவருக்கு எல்லாத்தையும் எழுதிப் போட்டேன். கார்டு வந்துடுச்சு. “பாவம் பண்ணிட்டேன் அம்மா. பதினஞ்சாந் தேதி நீயே வந்து கொடியைக் கட்டு. கட்டுவதற்கு முன் எல்லாரிடமும் சொல்”னு எழுதியிருக்காரு.

வர்றேன் நைனா, எங்க பெரிய டீச்சர் லீவு கொடுத்துட்டாங்க. மொத நாளே செங்கல்பட்டு வந்து, திருப்போரூர் வழியா பஸ் புடிச்சு வூட்டுக்கு வந்துடறேன். காலைல அம்மாகூட பூசை பாத்துட்டு, மீந்த பூவ நானே கேட்டு வாங்கிக்கறேன். அம்மாவையும் பாயையும் மொத வரிசைல ஒக்கார வெச்சு, கொடிக்கம்பத்துக்குக் கீழ நின்னு, அருளப்பன் தப்பு பண்ணல, அவரு பொண்ணு பண்ணினான்னு சத்தமா சொல்றேன். கொரல் ஒடஞ்சா ஒடயட்டும், முழுசா சொல்லி முடிச்சுட்டுத்தான் கொடியத் தொடுவேன்.

நீ அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் மட்டும் ஊருக்கு முன்னாடி உனக்குச் சொல்லிடறேன். அது எங்கியும் அவுந்து வுழல நைனா. என் ஜடையில இருந்த அந்த நூலாலதான் கொடியக் கட்டினேன்.

உன் பீச்சாங்கை மவ,
பிலோமி