வலையில் சிக்கிய மீன் ஆந்தை

அன்புள்ள மனைவிக்கு,

ஆந்தையின் இறக்கை முறியவில்லை என்று கால்நடை மருத்துவர் இன்று காலை உறுதியாகச் சொல்லிவிட்டார். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் மீன் பண்ணை ஆற்றோரக் காட்டை ஒட்டியது. கொக்குகள் மீனைத் தூக்காமலிருக்கக் குளத்தின்மேல் கட்டும் வலையை மாலையில் சுருட்டிவிட வேண்டும். திங்களன்று மழை பிடித்துக்கொண்டதால் அப்படியே விட்டுவிட்டோம். விடிந்து பார்த்தால், மீன் பிடிக்க வந்த ஆந்தை ஒன்று சிக்கிக் கிடந்தது. வலையை அறுக்கும்போது அதன் நகம் என் கையில் லேசாகக் கீறிவிட்டது. நாலு தையல்தான், பயப்படாதே.

பொழுது சாய்ந்தால் அதன் ஜோடி ஆற்றோர மரத்திலிருந்து கூப்பிடுகிறது. இங்கே நாங்கள் கூண்டில் வைத்திருக்கும் ஆந்தை பதில் கொடுப்பதில்லை. எனக்கு இருப்புக்கொள்ளாமல் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

“உக்காந்து சாப்பிடுப்பா, கூப்பிடுறது ஒண்ணும் உன் பொண்டாட்டி இல்ல!” என்கிறார் சமையல்காரர்.

நேற்று அந்தக் குரல் கேட்கவில்லை. மழையாக இருக்கும்.

நீ போர்த்திக்கொள்ளும் என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு. பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுது. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

ஆந்தையைப் பறக்கவிடலாமா என்று மருத்துவர் சனிக்கிழமை காலை பார்த்துச் சொல்வார். ஜோடி அதுவரை காத்திருக்குமா என்பதை மட்டும் அவரிடம் கேட்க முடியாது.

உன் கணவன்