பதினேழாம் நிரையின் எட்டுப் பயிர்கள்

2026 ஜனவரி 22, வியாழன். கரவெட்டி

பதினேழாம் நிரையில் உயிரோடிருப்பவை எட்டு நெற்பயிர்கள். சொன்னவர் நெல் ஆய்வாளர் வித்தியா. நானும் வயலில் இறங்கி எண்ணினேன். மற்றவை கார்த்திகை வெள்ளத்தில் அழுகிவிட்டன.

இந்த நெல்லின் மாப்பொருள் மெதுவாகச் செரிக்கும், சோறு உண்டபின் இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாது என்பது எதிர்பார்ப்பு. மனிதரில் இன்னும் சோதிக்கவில்லை. ஏழு வருட வேலை. வேறு விதை கையிருப்பில் இல்லை.

"எந்த நிரை எண்டு மட்டும் பேப்பரில போட்டுடாதேங்கோ ஐயா. சனம் பிடுங்கிக்கொண்டு போயிடும்," என்றார் வித்தியா.

ஜனவரி 25, ஞாயிறு

கட்டுரை வெளிவந்தது. நிரை எண் இல்லை.

ஆனால் வியாழனன்று வயலில், வித்தியா வாகனத்துக்குப் போனபின், வயற்காரர் கதிரவேலர் கேட்டார்: "தம்பி, உதிலை எது சீனி வருத்தக்காரருக்கான நெல்லு?" கை காட்டினேன். அவருடைய வயல்தானே.

பெப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

கதிரவேலர் வீட்டில் புதிர், புது நெல்லின் முதற்சோறு. விடியவே புதுக்கதிர் அறுத்து, குற்றி, சமைத்துப் படைத்திருந்தார்கள். மத்தியானம் போனேன். மனைவி குணலட்சுமி பரிமாறினார். சீனி வருத்தத்தில் இரண்டு கால்விரல்களை இழந்தவர்.

"பேப்பர்காரர் எண்டால் கேள்வியும் கேக்கும், சோறும் கேக்கும்," என்று சிரித்தார். இரண்டாம் தரமும் போட்டு உண்டேன்.

"நீங்கள் காட்டின நெல்லுத்தான் தம்பி," என்றார் கதிரவேலர். "சாமிக்கு வைக்கிற முதற்சோறு இவளுக்கும் நல்லதாய் இருக்கட்டும் எண்டு அறுத்தனான்."

"எவ்வளவு?"

"எட்டையும்தான். காணாமல் பக்கத்து நிரையிலும் கொஞ்சம் சேர்த்தனான்."

வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. விழுங்கினேன்.

பெப்ரவரி 2, திங்கள்

வித்தியா தொலைபேசியில்: "எட்டையும் காணேல்லை. கதிரவேலர் வேணுமெண்டு செய்திருக்கிறார். இனி அந்த வயலே வேண்டாம் ஐயா."

"அப்படியோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

முன்பும் ஒருதரம். தொண்ணூறுகளில், சைக்கிளில் வந்த இருவர் எங்கள் தெரு ஜெயரூபனின் வீடு எது என்று கேட்டார்கள். கை காட்டினேன். அன்று அவர்களோடு போனவன் திரும்பி வரவில்லை. கேட்டவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறைக்கவேண்டிய ஒரு பெயரையும் எழுத்தில் வெளியிட்டதில்லை என்று நாற்பது வருடமாகப் பெருமை பேசுகிறேன். கை? இன்று முழுக்க அதைச் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன் — என்னை அறியாமல்.

பெப்ரவரி 4, புதன்

வித்தியாவிடம் நேரில் சொன்னேன். காட்டினது நான். எட்டுத்தான் மிச்சம், அதுதான் விதை என்று சொல்லாமல் விட்டதும் நான்.

"அவரைப் பற்றி முந்தநாள் என்னவெல்லாம் பேசிப்போட்டன். முதல்நாளே சொல்லியிருக்கலாமே ஐயா," என்றார்.

இருவரும் கதிரவேலர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னோம்.

"விதை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை. விதையெண்டால் பட்டினி கிடந்தாலும் தொடமாட்டன்."

சாமியறையில் வழக்கப்படி, புதிருக்கு அறுத்ததில் ஒருபிடி கதிர் கட்டித் தொங்கியது. அடுத்த புதிர்வரை அவிழ்ப்பதில்லை. அவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"அவிழ்த்துக் குடுங்கோப்பா," என்றார் குணலட்சுமி. "பாவமெண்டால் என்ரை கணக்கில கிடக்கட்டும்."

பெப்ரவரி 6, வெள்ளி

அந்தக் கதிர்க்கட்டில் பதர் போக இருந்தவை 143 மணிகள். இரு நிரையும் கலந்தவை, பார்வைக்கு வேறுபாடில்லை. ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, முளையுள்ள பாதியை ஊன்றியிருக்கிறார்கள். மற்றப் பாதி, எந்த நிரை என்று அறிய, ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. தகவல்: வித்தியா, பிற்பகல் நாலு மணி.

அடுத்த போகமும் அதே வயல்தான் என்று கதிரவேலரிடம் சொல்லியிருக்கிறார். எழுத்தில் இன்னும் இல்லை.

பதினேழாம் நிரை மணி ஒன்று முளைத்தால் போதுமாம். அப்படி ஒன்று இருக்கிறதா என்பது தெரியாது. ஆய்வுகூட முடிவு பெப்ரவரி 27, வெள்ளிக்கிழமை.