உன் பதிலை அவர் சொல்லட்டும்

சிட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் தன் சங்கதியைத் தனியாகச் சொல்லும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய ‘உங்கள் அன்பு எந்த வகை’ வினாடி வினாவைப் பார்த்தேன். உனக்கும் உனக்குப் பேசி வைத்திருக்கும் அந்தத் தம்பிக்கும் விடை ஒத்துவரவில்லை, உனக்கு ஆசையாக நாலு வார்த்தை வேண்டும், அவர் வாயே திறப்பதில்லை, அதனால் கல்யாணம் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், பரீட்சை என்றால் விடுவேனா. நம் பூட்டு சாவிக் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பற்றி நானே சொல்லக் கூச்சம், உனக்குத்தான் தெரியுமே, அதனால் “என் பதிலை நீங்க சொல்லுங்க, உங்க பதிலை நான் சொல்றேன்” என்றேன். அவர் சாவியை அரத்தால் ராவிக்கொண்டே பட்பட்டென்று சொன்னார். பரிசு கொடுத்தால் விலையைக் கேட்டு வருந்துவேனாம், அவர் துணி மடித்து வைத்தால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுவிட்டு மறுபடி நானே மடிப்பேனாம். எல்லாம் சரி, அசந்துபோனேன். பாராட்டினால் பிடிக்குமா என்ற கேள்விக்கு மட்டும், “சுத்தமா பிடிக்காது, எழுந்து ஓடிடுவே” என்றார். நான் குனிந்துகொண்டே, பிடிக்கும் என்றேன். அரம் நின்றுவிட்டது. “அடிப்பாவி, இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே” என்றார்.

மறுநாள் கடையில் ஆட்கள் நிற்கும்போது, திடீரென்று, “இந்தக் கண்ணாடி உனக்கு எடுப்பா இருக்கு” என்றார். நான் அந்தக் கண்ணாடி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது! சாவி செய்ய வந்து நின்ற ஒரு அம்மாள், “புதுசா கல்யாணம் ஆனவங்களா அண்ணே?” என்று சிரித்தார். நான் மேசைக்கு அடியில், விழாத சாவியைத் தேடினேன். அவ்வளவு நாள் அதை மனசிலேயே வைத்திருந்த மனுஷனை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அந்த வினாடி வினாவைச் செய்த பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்தான், எங்களுக்குக் கேட்கத் தெரியாததை அது கேட்டது.

நீயும் என்னைப் போலத்தான், வேண்டியதை வாய்விட்டுக் கேட்கமாட்டாய். உனக்கு இப்படி வார்த்தை வேண்டும் என்று அந்தத் தம்பிக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை எதுவும் சொல்வதற்குமுன் உன் பதிலை அவரும் அவர் பதிலை நீயும் சொல்லிப் பாருங்கள். பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் உன் இஷ்டம், நாங்கள் உன் பக்கம்.

எந்நாளும் நன்றாக இரு கண்ணே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
கண்ணாடி எடுப்பாக இருக்கும்
உன் அம்மா