மாத்திரையோடு பொடி வேண்டாம் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால் எரிச்சல் தேவலையா? போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுகுறிஞ்சான் இலைப்பொடி கொடுத்துச் சோதித்துவருகிறோம். நேற்று ஒரு பெரியவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே வியர்த்துக்கொட்டிச் சரிந்துவிட்டார். மாத்திரையோடு நாங்கள் கொடுத்த பொடி போதாதென்று வீட்டிலும் ரகசியமாக அதே பொடியைத் தின்றிருக்கிறார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, "என்னம்மா, பயந்துட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

நீங்களும் மாத்திரையோடு அந்தப் பொடியைச் சாப்பிடுவதாக அம்மா உளறிவிட்டாள். அந்தப் பெரியவர் பக்கத்தில் நான் இருந்தேன். அம்மா வேலைக்குப் போனபின் உங்கள் பக்கத்தில் யார்?

டாக்டரைக் கேட்காமல் பொடியைத் தொடாதீர்கள். சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கதவை உள்ளே தாழிடாதீர்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். இது கிடைத்ததும் போன் செய்யுங்கள், திட்டுவதற்காகவாவது.

உங்கள் மகள்