பாதம் வரையத் தெரியாதவன் போட்ட பூங்கா

18-1-1953
வெட்கத்தை விட்டு எழுதிவைக்கிறேன். இத்தனை வருஷமாக ராயபுரத்தில் போர்டு எழுதி, படம் போட்டுப் பிழைக்கிற எனக்கு மனுஷப் பாதம் வரையத் தெரியாது. முகம் வரும், கை வரும், பட்டுச்சேலை மடிப்புகூட வரும். பாதம் மட்டும் கருணைக்கிழங்கு மாதிரி வந்து உட்காரும். அதனால் என் ஆட்கள் எல்லாரும் புல்லுக்குள் நிற்பார்கள், அல்லது பூந்தொட்டிக்குப் பின்னால். செருப்புக் கடை போர்டுக்கே ஜோடிச் செருப்பைத்தான் போட்டேன், காலைப் போடவில்லை. "புது மாதிரியா கீதுபா" என்று கடைக்காரர் மெச்சிக்கொண்டார்.

இன்று சொக்கம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாய்யா, உன் படத்துல ஒருத்தருக்கும் காலு இல்ல? எல்லாம் பேயா?"
கட்டினவளிடம் மாட்டிக்கொள்ள இவ்வளவு நாள் ஆனதே என் சாமர்த்தியம்.

21-1-1953
வியாபாரிகள் சங்கத் தலைவர் உச்சிமாகாளி அண்ணாச்சி தன் வெல்ல மண்டிக்குக் கூப்பிட்டனுப்பினார். கடலோரத்தில், சண்டைக் காலத்தில் பதுங்குகுழி வெட்டிய மனை சும்மா கிடக்கிறது. சங்கம் அதில் ஒரு பூங்கா கட்டப்போகிறது. எப்படி இருக்கும் என்று பெரிய படமாகப் போட்டு மண்டியில் மாட்டினால்தான் ஜனங்கள் நம்பி நன்கொடை தருவார்களாம்.

"இல்லாததப் போடணும் வே. பார்த்தா இருக்குத மாதிரி இருக்கணும்."
அண்ணாச்சி வெல்லம் விற்பதும் அப்படித்தானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லிவிட்டேன். சிரித்தார். நல்ல மனுஷன்.

25-1-1953
மதார் சாகிபு கடலோர விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சின்ன வயசிலிருந்து என் தோஸ்து. போன வருஷம் துறைமுகத்தில் மூட்டை சரிந்து வலது முட்டி போயிற்று. இப்போது மடங்காது. தரையில் உட்கார முடியாது. தாழ்ந்த பெஞ்சியில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். வீட்டிலோ கால் வைக்க இடமில்லாத கும்பல். சாயங்காலம் முழுக்கக் கம்பம்தான் துணை. மகள் ரசூல் பீவி பழவேற்காட்டுக்கே வந்துவிடச் சொல்கிறாளாம். நோன்புப் பெருநாளுக்கு வந்து கூட்டிப்போவாளாம்.

"வூட்ல ஒக்கார எடமில்ல, வெளிய ஒக்கார தோதில்ல. இன்னாத்துக்கு நான் இங்க கீறது, சொல்லு?"
நானும் கம்பத்தின் மறுபக்கம் சாய்ந்துகொண்டேன்.
அவன் போய்விட்டால் நான் யாரைக் கிண்டல் பண்ணுவது?

1-2-1953
பென்சிலால் மூன்று தினுசு போட்டுப் பார்த்தேன். ஒன்றில் மணிக்கூண்டு. ஒன்றில் நீரூற்று, அதன் வாயில் நாலு மீன். ஒன்றில் குடை மாதிரிக் கூரை வைத்த பாண்டு வாத்திய மேடை. மதாரிடம் காட்டினேன்.

"எதுருல அம்மாம் பெரிய கடலு கீது. ஒனக்கு நீரூத்து வேணுமா?"

சரி என்று மூன்றையும் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், கை தானாக மணலைப் போடுகிறது. நாங்கள் பையன்களாக இருந்தபோது தெருமுனையிலிருந்து அலைக்கு ஓடினால் மூச்சு வாங்கும், அவ்வளவு மணல். மதாரின் வாப்பா படகைக் கவிழ்த்துப் போட்டிருப்பார். அதன் முதுகில் எங்கள் ராஜாங்கம். வெயில் குடித்த பலகையின் சூடு தொடையில் ஏறும். இராயப்பர் கோயில் திருவிழா விளக்கெல்லாம் அங்கிருந்தே தெரியும். வாப்பா துடுப்பை எடுத்துக்கொண்டு விரட்ட வருவார் — அதற்காகவே ஏறுவோம்.
துறைமுகச் சுவர் நீள நீள, கடல் இந்தப் பக்கம் வந்து மணலைத் தின்றது. படகு கிடந்த இடத்தில் இப்போது அலை.

9-2-1953
படம் முடிந்தது. கொஞ்சம் மணல், நாலு புங்கமரம், பெஞ்சிகள். கடலைப் பார்த்து ஒரு பெஞ்சி மட்டும் நல்ல உயரம். அது மதாருக்கு, அவனையும் அதில் உட்காரவைத்தேன். சுற்றிலும் தொடை உயரத்துக்கு வெள்ளைச் சுவர். ஏன் என்று எனக்கும் சொக்கம்மாளுக்கும்தான் தெரியும். வாசல் வைத்தால் அதில் வருகிறவன் பாதம் தெரியும். வாசலை விட்டுவிட்டேன். படம்தானே.

மண்டியில் ஒரே கூட்டம். "நானா அது?" என்றான் மதார். "காலு எங்கடா?"
"செவுத்துக்குப் பின்னால பத்திரமா கீது. பூங்கா வர வரைக்கும் எங்கயும் போவாத."
"பெருநாள் வரிக்கும் பாக்குறேன்."

14-3-1953
நன்கொடை சேருகிறதாம். படம் பார்க்க வருகிறவர்கள் வெல்லமும் வாங்குகிறார்களாம்.

17-5-1953
வெளியூரில் இரண்டு மாசம் ஜவுளிக்கடை போர்டு வேலை. அங்கேயே தங்கிவிட்டேன். இன்று திரும்பி வந்ததும் நேராகப் பூங்காவுக்கு ஓடினேன். மரக்கன்று இருக்கிறது. உயரப் பெஞ்சி இருக்கிறது. சுற்றிலும் சுவர் இருக்கிறது. வாசல் இல்லை.

"கொத்தனாரே, வாசல் எங்க?"
"படத்துல இல்லியே நைனா."

அண்ணாச்சியிடம் ஓடினேன். "படத்தக் காட்டித்தான் ரூவா வாங்கியிருக்கேன். படத்துல உள்ளபடிதான் கட்டணும்னு சங்கத்துல தீர்மானம் வே. அந்தக் காலத்துக் கோட்டை மாதிரி ஏதோ நாகரிகம்னுல்லா நினைச்சோம்!"

மதாருக்காகப் போட்ட பெஞ்சி உள்ளே. மடங்காத காலோடு அவன் வெளியே. அட பாவி மனுசா, ஒரே ஒரு காலப் போட்டிருந்தா இன்னா கெட்டுப் போயிருக்கும் ஒனக்கு? கெயங்கு மாதிரி இருந்தாத்தான் இன்னா?

18-5-1953
மதாரிடம் சொல்லவில்லை. அவன் இருக்கும் பக்கமே போகவில்லை.

7-6-1953
திறப்பு விழா. அண்ணாச்சி மாலையும் கழுத்துமாகச் சுவரேறி உள்ளே குதித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். இதுதான் முறை என்று நினைத்திருப்பார்கள்.

மதார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். நான் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன். அவன் திரும்பி, சுவருக்கு முதுகைக் காட்டி, கையை ஊன்றி, லேசாக எம்பினான். உட்கார்ந்துவிட்டான். கெட்டுப்போன கால் அதுபாட்டுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. எழுந்து பார்த்தான். யாரும் தூக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தான். பக்கத்தில் சுவரைத் தட்டினான்.

"கிஷ்ணப்பா, ஒளிஞ்சது போதும், வா. வாப்பா படகு ஒசரம்டா இது."

போய் உட்கார்ந்தேன். வெயில் குடித்த சுவர். சூடு தொடையில் ஏறியது. யாராவது துடுப்பை எடுத்துக்கொண்டு வரமாட்டார்களா என்றிருந்தது.
இருட்டுவதற்குள் தெருவே சுவரில் வரிசையாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே பெஞ்சியில் ஒரு காக்கா.

14-6-1953
பெருநாள். ரசூல் பீவி அப்பாவைக் கூட்டிப்போக வந்தவள், நேராகச் சுவருக்கு வந்தாள். அவன் தானாகவே எழுந்து மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தாள். பிறகு சேமியாத் தூக்கை வைத்துவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள். பழவேற்காட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. போகும்போது, "மாசத்துக்கு ஒருதபா நானே வரேன் வாப்பா" என்றாள்.

உயரப் பெஞ்சி சும்மா கிடக்கிறதே, நாமாவது உட்காருவோம் என்று சேமியாக் கிண்ணத்தோடு சுவரைத் தாண்டினேன். கால் இடறிவிட்டது. சேமியா, சுவரில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் புது வேட்டியில் விழுந்தது. எனக்குக் கட்டைவிரல் நகம் பேர்ந்தது. சொக்கம்மாள் மஞ்சள் வைத்துக் கட்டினாள். பாதம் வீங்கியிருக்கிறது. அப்படியே கருணைக்கிழங்கு.