வெனேரா வீட்டுப் பக்கம் திரும்பிய நெருப்பு

சேசு மரி சூசை துணை

பியானோ நோச்சே கிராமம்

அன்பு மகள் அன்யேசேவுக்கு அம்மா நுன்ஸியா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வீடும் நிற்கிறது. அங்கே மெல்போர்னில் நீயும் மருமகனும் சுகமா, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது. எட்னா எரிமலை வெடித்த செய்தியை வானொலியில் கேட்டுப் பயந்திருப்பாய், தந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் அப்பா விடவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி, உன் ஞானத்தாய் வெனேராவைப் பற்றியது.

மலை மேலே வாய் திறந்து தீக்குழம்பு நேராக நம் வீட்டைப் பார்த்துத்தான் வந்தது. ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை, கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். நம் தோப்பு பற்றிக்கொண்டதும் பங்குச் சாமியார் கோயில் பீடத்திலிருந்து புனித வீத்தோ சுரூபத்தை இறக்கச் சொன்னார், வழக்கம்போல் ஊரே வெறுங்காலோடு பின்னால் போனது. வெனேரா வீடு ஓடை வளைவுக்கு அப்பால் பள்ளத்தில், அவளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை, ஆனாலும் அந்த முழங்கால் வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நம் கொல்லைச் சுவர்மேல் சாமியை நெருப்புக்கு எதிரே நிறுத்தினோம். அவள் தொண்டை உனக்குத் தெரியுமே, "ஏ வீத்தோ, தூங்குறியா? இவ வீட்டப் பாருய்யா, வருஷா வருஷம் உனக்கு மெழுகுவத்தி ஏத்துறவ! அந்த மலைகிட்டச் சொல்லு, கொஞ்சம் தள்ளிப் போகட்டும்!" என்று சாமியைத் திட்டித் திட்டிக் கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன், என் வாயில் ஒரு செபமும் வரவில்லை, கேட்டதெல்லாம் அவள்தான். நெருப்பு சுவரைத் தொட்டு நின்றது. பிறகு தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி மெல்ல இடப்பக்கம் திரும்பி ஓடைக்குள் இறங்கியது. மணி அடித்தார்கள், ஆம்பிளைகள்கூட அழுதார்கள், நான் மண்ணில் விழுந்து முத்தமிட்டேன். எழுந்து பார்த்தால் வெனேரா மட்டும் ஓடையைப் பார்த்தபடி நிற்கிறாள். அந்த ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாமியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடலாம் வா என்று அவள் கையை இழுத்தேன். "எந்தப் பக்கம் போகச் சொல்லிக் கேக்கட்டும்டி? எனக்கு அடுத்து தூரி வீடு, அவனுக்குக் கைக்குழந்த இருக்கு" என்றாள். அதன்பிறகு இருவருமாக அவள் வீட்டைக் கூட்டித் துடைத்தோம், மலைக்குப் பந்தி போட்டோம். பெரியவர்கள் செய்வதைக் கேட்டிருக்கிறேன், என் கையால் செய்தது இதுதான் முதல் தடவை. வெள்ளை விரிப்பு, ரொட்டி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, ஒரு குடுவை ஒயின். மலை களைத்து வருகிறாள், சாப்பிட்டுப் போகட்டும் என்றுதானே. நான் சமையலுக்கு வைத்திருந்த ஒயினை எடுத்தேன், "ஏய் கஞ்சப்பிசினாறி, நல்லதா எடுடி, வரப்போறவ பெரிய வீட்டுக்காரி" என்று சிரித்தாள். கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். விரிப்பு பற்றி எரிந்தது வாசல் வழியாகத் தெரிந்தது. தூரி வீட்டு வேலியோடு நெருப்பு நின்றுவிட்டது.

இப்போது அவள் உன் அறையில் இருக்கிறாள். மழை பெய்தால் அவள் வீட்டை மூடி இறுகிப்போன அந்தக் கருங்கல் புகைகிறது, அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறாள், படுக்க வா என்றால் வருவதில்லை. அப்பா, "நெருப்புக்குக் காது ஏதுடி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போச்சு" என்கிறார். அதை நம்பினால் எனக்கு நிம்மதிதான், ஆனால் அப்புறம் இத்தனை வருஷம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? இல்லை, கேட்டதைச் சாமிதான் கொடுத்தார் என்றால் அது அதைவிடப் பயமாக இருக்கிறது. ஒரு முட்டைக்குக்கூடக் கணக்கு வைக்கிறவள் நான், இந்தக் கணக்கு மட்டும் எனக்கு நேராகவே இல்லை. செபமாலையை எடுத்தால் மன்றாட்டு வரும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இங்கே வராத கேடு அப்புறம் யார் வீட்டுக்குப் போகும் என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை, அது முடிந்து அந்தக் கருங்கல் வரை பவனி. வீடு தப்பியவள் என்று முதல் மெழுகுவத்தியை என் கையில் கொடுக்க வந்தார் சாமியார், என்னால் கையை நீட்ட முடியவில்லை. பெஞ்சிலிருந்து வெனேரா நொண்டிக்கொண்டே எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். "கேட்டது நான், கிடைச்சது எனக்கு. இவ நன்றி சொல்லலன்னா நான் வீட்டக் குடுத்து வாங்கினது வீணாப் போயிடும்" என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லிவிட்டு, "நட, பின்னால வா" என்று என்னை அதட்டினாள். அந்தக் கருங்கல் ஓரம்வரை அவள் பின்னாலேயே போனேன். சாமியார் பாடினார், பதில் பாடியது அவள் குரல் ஒன்றுதான்.

உன் ஞானத்தாய்க்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ஆறுதல் எழுதாதே, அவளுக்குப் பிடிக்காது, குழந்தையின் சேட்டைகளை எழுது. குளிர் ஆடை அனுப்பினால் அவள் அளவுக்கு அனுப்பு, எனக்கு வேண்டாம். இந்தத் தடவை உனக்காக ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை மகளே, கோபித்துக்கொள்ளாதே. அவர் முன்னால் முழங்காலிட்டு உன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
நுன்ஸியா